எல்லாருக்கும் ஒரே கூரை: இல்லினாய் பல்கலைக்கழக அரங்கத்தின் அறுபது ஆண்டுகள்

அமெரிக்காவின் நடுமேற்கில், மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில் சாம்பெயின், அர்பானா என்னும் இரட்டை ஊர்கள் இருக்கின்றன. இல்லினாய் பல்கலைக்கழகம் இரண்டு ஊர்களிலும் பரந்து கிடக்கிறது. வளாகத்தின் தென்பகுதியில், அமெரிக்கக் கால்பந்து நடக்கும் நினைவு மைதானத்தைத் தாண்டிச் சாலையைக் கடந்தால், வெளிறிய கான்கிரீட்டில் எழுப்பிய வட்டக் கட்டடம் ஒன்று கண்ணில் படும். 1963-ல் திறந்தபோது அதற்கு அசெம்பிளி ஹால் என்று பெயர். 2013 முதல் அது ஸ்டேட் ஃபார்ம் சென்டர். கூடைப்பந்து, இசைக் கச்சேரி, நாடகம், பட்டமளிப்பு விழா, பள்ளிகளுக்கான மாநிலப் போட்டி என எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் நடத்த எழுந்த கட்டடம் இது.

பலபயன் அரங்கம் எந்த ஒரு கலைக்கும் எந்த ஒரு விளையாட்டுக்கும் முழுப் பொருத்தமாக அமைவதில்லை. ஒன்றுக்கு உகந்த வடிவம் மற்றொன்றுக்கு இடையூறாகிறது. இது தெரிந்தும் ஒரு பல்கலைக்கழகம் இத்தனை பணத்தையும் உழைப்பையும் கொட்டி அதைக் கட்டுவதற்கு வலுவான நியாயம் ஒன்றுதான் உண்டு: அங்கே படிப்பவர்களும் பணிபுரிபவர்களும் சுற்றுவட்டார மக்களும் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் உட்கார வேறு இடம் இல்லை. அந்த நியாயத்தைக் காப்பாற்றும்வரை அரங்கம் பல்கலைக்கழகத்தின் உறுப்பு. அதை இழந்தால் வளாகத்துக்குள் நிற்கும் வாடகைக் கூடம். இந்த அரங்கத்தின் வரலாற்றை இந்தக் கோணத்தில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய கூடங்களும் ஒரு தீராத முழக்கமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பல்கலைக்கழகத்துக்கு இருந்த பெரிய கூடம், வளாகத்தின் நடுப் புல்வெளிக்குத் தென்கோடியில் நிற்கும் ஆடிட்டோரியம். இதே பல்கலைக்கழகத்தில் படித்து, பாஸ்டனில் நாடக அரங்கங்கள் கட்டிப் பேர் பெற்ற கிளாரன்ஸ் பிளாக்கால் அதை வடிவமைத்தார். 1907-ல் அது எழுந்தது. வெளியிலிருந்து பார்க்கக் கம்பீரமான குவிமாடம். உள்ளே மேடையேறிப் பேசியவர்களுக்கோ பெரும் அவதி. குழிந்த சுவர்களும் மாடமும் குரலை வாங்கிச் சில இடங்களில் குவித்தன. ஓர் இருக்கையில் ஒரே சொல் இரண்டு மூன்று முறை கேட்டது. இன்னோர் இருக்கையில் பேச்சே புரியவில்லை.

இயற்பியல் துறையைச் சேர்ந்த ஃப்ளாய்ட் வாட்சன் இந்தக் குறையை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். வளைவான எதிரொளிப்பான் ஒன்றின் குவியத்தில் ஆர்க் விளக்கை வைத்தார். அந்த விளக்கு ஒளியோடு 'ஸ்ஸ்' என்ற ஓசையையும் எழுப்பும். ஒளிக்கற்றை சுவரில் எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்பதைக் கண்ணால் தொடர்ந்தால் ஒலி செல்லும் பாதையும் தெரிந்துவிடும். இப்படிக் கூடம் முழுவதையும் சோதித்து, எந்த வளைவு எந்த இருக்கைக்கு எதிரொலியை அனுப்புகிறது என்று வரைந்தார். அவருடைய அறிக்கை பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆய்வு நிலைய வெளியீடாக 1914-ல் வந்தது. அமெரிக்க ஒலியியல் கழகம் உருவானபோது அதைத் தொடங்கியவர்களில் வாட்சனும் ஒருவர். கட்டட ஒலியியல் என்ற துறை அந்நாட்டில் வேரூன்றியதில் இந்தக் குறையுள்ள கூடத்துக்கும் ஒரு பங்கு உண்டு. வட்டமும் குவிமாடமும் கூடும் இடத்தில் ஒலி என்ன பாடு படும் என்பதை இவ்வளாகம் அசெம்பிளி ஹாலுக்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே அனுபவத்தில் அறிந்திருந்தது.

விளையாட்டுக்கு 1925-ல் கட்டிய ஹஃப் ஜிம்னேசியம் இருந்தது. சுமார் 7,000 பேர் நெருக்கியடித்து அமரலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, படைவீரர்களின் கல்விச் செலவை அரசே ஏற்கும் சட்டத்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவர் எண்ணிக்கை திடீரென்று பெருகியது. ஆடிட்டோரியம் சிறிது, ஜிம்னேசியம் நெருக்கம், திறந்த மைதானமோ நடுமேற்கின் பனிக்காலத்தில் பயன்படாது. நவம்பர் முதல் மார்ச் வரை பெருங்கூட்டம் கூட வேண்டுமானால் கூரை வேண்டும். இந்தத் தேவையிலிருந்துதான் புதிய அரங்கத்தின் திட்டம் பிறந்தது.

மூன்றரை அங்குலக் கான்கிரீட்

வடிவமைப்பாளர் மேக்ஸ் அப்ரமோவிட்ஸ். இவரும் இல்லினாயின் பழைய மாணவர், 1929-ல் பட்டம் பெற்றவர். நியூயார்க்கில் ஹாரிசன் அண்ட் அப்ரமோவிட்ஸ் நிறுவனத்தின் பங்காளி. கட்டமைப்புப் பொறியாளர்கள் அம்மான் அண்ட் விட்னி நிறுவனத்தார். அதை நிறுவியவர்களில் ஓத்மார் அம்மான் நியூயார்க்கின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தை வடிவமைத்தவர். சார்ல்ஸ் விட்னி மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரைகளில் தேர்ந்தவர். 1959-ல் வேலை தொடங்கி 1963-ல் முடிந்தது. செலவு சுமார் 83.5 லட்சம் டாலர்.

அரங்கம் இரண்டு கிண்ணங்களால் ஆனது. கீழ்க்கிண்ணம் நிமிர்ந்தது. அதன் உட்சரிவில்தான் இருக்கைகள். மேல்கிண்ணம் கவிழ்த்து வைத்தது. அதுவே கூரை. இரண்டும் சந்திக்கும் விளிம்பின் விட்டம் 400 அடி, அதாவது 122 மீட்டர். தரை நடுவிலிருந்து கூரை உச்சி 128 அடி உயரம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. எந்த இருக்கையில் அமர்ந்தாலும் பார்வையைத் தூண் மறைக்காது. கூரையின் கான்கிரீட் கனமோ மூன்றரை அங்குலம்தான், ஒன்பது சென்டிமீட்டருக்கும் குறைவு. விட்டத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 1,370-ல் ஒரு பங்கு. ரோமின் பாந்தியன் 43 மீட்டர் விட்டமுள்ள கான்கிரீட் குவிமாடம். அதன் அடிப்பகுதியின் கனம் ஆறு மீட்டர். அதைப்போல் மூன்று மடங்கு அகலத்தை இவ்வளவு மெல்லிய ஓட்டால் மூட முடிந்ததற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது மடிப்பு. கூரை வழவழப்பான அரைக்கோளமாக இல்லாமல் உச்சியிலிருந்து விளிம்புவரை மடிப்பு மடிப்பாக இறங்குகிறது. தட்டையான தாளை இரு முனையில் பிடித்தால் தொய்யும். அதையே விசிறியாக மடித்தால் விறைத்து நிற்கும். மடிப்பின் ஆழம்தான் கூரைக்கு வலிமை. கான்கிரீட்டின் கனம் அதற்கு அடுத்தபடிதான்.

இரண்டாவது கம்பி. எந்தக் குவிமாடமும் தன் எடையால் கீழே அமுங்கும்போது விளிம்பை வெளிப்புறமாகத் தள்ளும். இங்கே கூரையின் எடை சுமார் ஒரு கோடி பவுண்டு, அதாவது 4,500 டன். கீழ்க்கிண்ணமும் வெளிநோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் தள்ளலும் அதே விளிம்பில் வந்து சேர்கிறது. பாந்தியனைக் கட்டியவர்கள் இந்தத் தள்ளலைச் சுவரின் பருமனால் அடக்கினார்கள். சாம்பெயினில் அடக்கியது எஃகுக் கம்பி. இரு கிண்ணங்களும் சந்திக்கும் வளையத்தைச் சுற்றிக் கால் அங்குலக் கம்பியை இழுத்து இறுக்கியபடியே சுற்றினார்கள். மொத்த நீளம் 614 மைல், ஏறத்தாழ 988 கிலோமீட்டர். அரங்கத்தின் சுற்றளவோடு கணக்கிட்டால் 2,500 சுற்றுகளுக்கு மேல் வரும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுகிறவர் இரும்பைக் காய்ச்சிப் பூட்டி, அது குளிர்ந்து சுருங்கும்போது ஆரங்களையெல்லாம் குடத்தை நோக்கி நெருக்க வைப்பார். அந்த வேலையைத்தான் இங்கே கம்பி செய்கிறது. வளையம் முன்கூட்டியே உள்நோக்கி நெருக்குண்டு நிற்பதால், கூரை வெளியே தள்ளும்போது கான்கிரீட் விரிசல் விடுவதில்லை. நெருக்கலைத் தாங்குவதில் கான்கிரீட் வல்லது, இழுவிசைக்கு அது தாளாது. இழுவிசை முழுவதையும் எஃகின் தலையில் ஏற்றிவிட்டதே இக்கட்டடத்தின் ரகசியம். வட்டமான தண்ணீர்த் தொட்டிகளைக் கட்டுவதில் பொறியாளர்கள் பழகியிருந்த முறை, இங்கே பதினாறாயிரம் பேர் அமரும் அரங்கமாக வளர்ந்தது.

இதற்குப் பின்னால் ஒரு தலைமுறையின் முயற்சி இருக்கிறது. ஸ்பெயினில் எடுவார்டோ டொரோஹா 1934-ல் அல்ஹெசிராஸ் சந்தைக் கட்டடத்துக்கு மெல்லோட்டுக் கூரை அமைத்தார். ஜெர்மனியிலிருந்து வந்த அன்டன் டெடெஸ்கோ 1936-ல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரில் பனிச்சறுக்கு ஆக்கி அரங்கத்துக்கு ஓட்டுக் கூரை போட்டு, அந்த நுட்பத்தை அமெரிக்காவில் நிலைநாட்டினார். இத்தாலியில் பியர் லூயிஜி நெர்வி 1960 ரோம் ஒலிம்பிக்கை ஒட்டிக் கட்டிய விளையாட்டரங்கங்கள் உலகப் புகழ் பெற்றன. இந்த வரிசையின் உச்சங்களில் ஒன்று அசெம்பிளி ஹால்.

அந்த வரிசை நெடுநாள் நீளவில்லை. ஓட்டுக் கூரையில் கான்கிரீட்டும் கம்பியும் மிச்சமாகும். ஆனால் வளைந்த பரப்பு முழுவதற்கும் சாரம் கட்டி, சென்ட்ரிங் பலகை அடித்து, பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். தச்சர் கூலி ஏறிய நாட்டில் பொருளின் மிச்சத்தைக் கூலி விழுங்கியது. 1965-ல் ஹூஸ்டனில் திறந்த ஆஸ்ட்ரோடோம் எஃகுச் சட்டங்களால் 642 அடி விட்டத்தை மூடியது. 1970-களில் டேவிட் கைகர் என்ற பொறியாளர் காற்றழுத்தத்தால் உப்பி நிற்கும் துணிக் கூரைகளைக் கொண்டுவந்தார். வட அயோவா பல்கலைக்கழகத்தின் யூனிடோமும் சைரக்யூஸ் பல்கலைக்கழகத்தின் அரங்கமும் அப்படி எழுந்தவை. ஆனால் கடும்பனி பெய்யும் ஊர்களில் துணிக் கூரைக்கு ஓயாத பராமரிப்பு தேவைப்பட்டது. யூனிடோம், சைரக்யூஸ் இரண்டுமே பின்னாளில் அந்தக் கூரையைக் கழற்றி நிலையான கூரைக்கு மாறின. அசெம்பிளி ஹாலின் மூன்றரை அங்குல ஓடு அறுபது பனிக்காலங்களைத் தாண்டியும் நிற்கிறது.

ஒலிக்கும் பார்வைக்கும் இடையே

பொறியாளர்கள் தூணை அகற்றித் தந்தார்கள். அதனால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடவில்லை. கூடைப்பந்து ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலமுள்ள செவ்வகம். வட்டத்துக்குள் செவ்வகத்தை வைத்தால் நீளவாட்டுப் பக்கங்களில் ஆடுகளத்துக்கும் இருக்கைக்கும் இடையே அகன்ற இடைவெளி விழும். கூடைப்பந்தை அருகில் பார்ப்பதுதான் சுகம். வியர்வை தெரிய வேண்டும், காலணி கிறீச்சிடுவது கேட்க வேண்டும். கச்சேரியின் தேவை வேறு. மேடையை வட்டத்தின் ஓர் ஓரத்தில் போட்டால் அதன் பின்னால் உள்ள இருக்கைகள் வீண். நடுவில் போட்டால் கலைஞர் எப்போதும் பாதிப் பேருக்கு முதுகு காட்ட வேண்டும். நாடகம் போடும்போது பெருந்திரைகளை இறக்கி, அரங்கத்தின் ஒரு துண்டை மட்டும் பிரித்துச் சிறு கூடமாக்கிக்கொண்டார்கள். பெரிய இடத்தைச் சிறிதாக்கும் வசதியும் பலபயன் அரங்கத்துக்கு வேண்டியிருக்கிறது.

தரையும் அப்படியே. இத்தகைய அரங்கங்களில் பந்தாட்டத்துக்கான மேப்பிள் மரத்தளம் நிலையானது அன்று. ஏறத்தாழ எட்டடிக்கு நாலடிப் பலகைத் துண்டுகளாக அதைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இடவரிசை எண் போட்டு வைத்திருப்பார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் ஆட்கள் ஒரு கோடியிலிருந்து பூட்டுகளைக் கழற்றித் துண்டுகளை வண்டியில் அடுக்கி அப்புறப்படுத்துகிறார்கள். அடியில் இருப்பது வெறும் கான்கிரீட். விடிவதற்குள் அங்கே மேடை ஏறிவிடும். கச்சேரி முடிந்ததும் மீண்டும் பலகைகள் வரிசை பிசகாமல் வந்து சேர வேண்டும். ஓர் எண் மாறினால் மூட்டு சரியாகப் பொருந்தாது. பொருந்தாத மூட்டில் பந்து துள்ளாமல் சாகும், ஆட்டக்காரரின் கணுக்கால் பிசகும். மேலே தொங்கும் ஸ்கோர் பலகை, விளக்கு, ஒலிபெருக்கி ஆகியவையும் நிகழ்ச்சிக்கு ஏற்ப ஏறி இறங்க வேண்டும். மெல்லோட்டுக் கூரை பரவலான சுமையை எளிதில் சுமக்கும். ஒரே புள்ளியில் தொங்கும் பாரம்தான் அதற்குச் சோதனை. இன்றைய பெருங்கச்சேரிகள் டன் கணக்கில் கருவிகளைக் கூரையிலிருந்து தொங்கவிடுகின்றன. 1963-ல் யாரும் எதிர்பார்த்திராத பாரம் அது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது ஒலி. ஹார்வர்டின் வாலஸ் சபைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த விதி எளிமையானது. கூடத்தின் கன அளவு கூடக் கூட ஒலி நீடித்து முழங்கும் நேரமும் கூடும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் அந்த நேரம் குறையும். பேச்சுத் தெளிவாகக் கேட்க எதிர்முழக்கம் ஒரு விநாடியளவில் நின்றுவிட வேண்டும். சிம்ஃபனி இசைக்கு ஏறத்தாழ இரண்டு விநாடி இருந்தால்தான் நாதம் நிறையும். ஒலிபெருக்கி வழி வரும் ராக் இசைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கூடைப்பந்து ரசிகர்களுக்கோ கூரை அதிர வேண்டும். ஒரே கூடம் இந்த நான்கையும் தர முடியாது. கூரையின் மடிப்புகள் ஒலியை ஒரே புள்ளியில் குவிக்காமல் சிதறடித்தன. உட்புறத்தில் ஒலி உறிஞ்சும் பொருளும் உண்டு. பழைய ஆடிட்டோரியத்தின் அவலம் இங்கே திரும்பி வரவில்லை. ஆனாலும் ஒலிபெருக்கியின்றி வயலின் கேட்கத் தகுந்த இடமாக இது ஆகவும் முடியாது.

அப்ரமோவிட்ஸின் மற்ற இரண்டு கட்டடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அசெம்பிளி ஹால் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் அவர் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஃபில்ஹார்மோனிக் ஹாலையும் கட்டினார். அது இசைக்கென்றே எழுந்த கூடம். லியோ பெரானெக் என்ற பெரும் ஒலியியலாளர் துணை நின்றார். 1962 செப்டம்பரில் திறந்த நாள்முதல் அதன் ஒலி குறித்துக் குறை சொல்லாதவர் இல்லை. பலமுறை திருத்தியும் சரிவராமல், 1976-ல் உட்பகுதியை முழுக்க இடித்து, சிரில் ஹாரிஸ் ஒலியமைப்பில் மறுபடி கட்டினார்கள். அதுவும் போதாமல் 2022-ல் மீண்டும் புதிதாகத் திறந்தார்கள். ஒரே ஒரு பயனுக்குக் கட்டியதே இப்படித் தவறக்கூடும் என்றால், பல பயனுக்குக் கட்டியதன் அபாயம் எவ்வளவு பெரிது!

இரண்டாவது கட்டடம் இதே பல்கலைக்கழகத்தில், அர்பானாப் பக்கத்தில் 1969-ல் திறந்த கிரானர்ட் நிகழ்கலை மையம். ஹெர்மன், எல்நோரா கிரானர்ட் தம்பதியின் கொடையில் எழுந்தது. அப்ரமோவிட்ஸ் இங்கே இசைக்குத் தனி, நாடகத்துக்குத் தனி, இசை நாடகத்துக்குத் தனி என்று அரங்குகளைப் பிரித்துவிட்டார். இசைக்கூடத்தின் ஒலியமைப்பைச் சிரில் ஹாரிஸ் பார்த்துக்கொண்டார். அமெரிக்காவின் நல்ல இசைக்கூடங்களில் ஒன்றாக அது இன்றும் மதிப்புப் பெறுகிறது. பலபயன் அரங்கம் திறந்து ஆறே ஆண்டுகளில், அதே பல்கலைக்கழகம், அதே வடிவமைப்பாளரைக் கொண்டு, தனிப்பயன் அரங்குகளைக் கட்டியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் பல்கலைக்கழகத்தின் தெளிவு புரியும். நுட்பம் வேண்டிய கலைக்குத் தனிக்கூடம், பெருந்திரள் கூடுவதற்குப் பொதுக்கூடம். ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு அமர்த்தவில்லை. பலபயன் அரங்கம் ஒன்றைக் கட்டிவிட்டு அதிலேயே இசையையும் நாடகத்தையும் அடைத்துக்கொள்ளச் சொல்லும் நிர்வாகங்கள் இந்த முன்னுதாரணத்தைக் கவனிக்க வேண்டும்.

யார் உள்ளே வந்தார்கள்

1963 மார்ச் 4 அன்று இங்கே முதல் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. இல்லினாய் அணி நார்த்வெஸ்டர்னை 79–73 என்று வென்றது. அதே மாதம் மாநில உயர்நிலைப் பள்ளி ஆண்கள் கூடைப்பந்தின் இறுதிச் சுற்றும் ஹஃப் ஜிம்னேசியத்திலிருந்து இங்கே இடம் பெயர்ந்தது. 1995 வரை, முப்பது ஆண்டுகளுக்கு மேல், அது இவ்வரங்கத்தில்தான் நடந்தது. இல்லினாயில் பள்ளிக் கூடைப்பந்து ஊர்த் திருவிழாவைப் போல. 'மார்ச் மேட்னஸ்' என்று இன்று உலகறிந்த சொல்லை, 1939-லேயே இந்தப் பள்ளிப் போட்டியைக் குறித்து எழுதியவர் மாநிலப் பள்ளிச் சங்கத்தின் ஹென்றி போர்ட்டர்.

1970-களின் தொடக்கம்வரை பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற பிரிவு கிடையாது. சிகாகோவின் மாபெரும் பள்ளியும் கடைக்கோடிக் கிராமப் பள்ளியும் ஒரே கோப்பைக்கு மோதின. 1964-ல் மாநிலத்தின் தென்கோடியில் ஆப்பிளும் பீச்சும் விளையும் காப்டன் என்ற சிற்றூரின் பள்ளி இறுதி ஆட்டம்வரை வந்தது. அணியின் பெயரே தோட்ட வேலையைக் குறிப்பது: ஆப்பிள்நாக்கர்ஸ். பெக்கின் அணியிடம் 50–45 என்று தோற்றாலும், அந்தப் பையன்களின் பெயர் இல்லினாயில் இன்றும் பேச்சில் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊரின் பிள்ளைகள், தங்கள் ஊர் மக்கள்தொகையைப்போல் பல மடங்குக் கூட்டத்தின் நடுவே, மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆடுகளத்தில் நின்று ஆடினார்கள். எத்தனையோ பிள்ளைகள் பல்கலைக்கழகம் என்ற இடத்துக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது இந்த அரங்கத்தின் வாசல் வழியாகத்தான் இருந்திருக்கும். மாநில மக்களின் பல்கலைக்கழகம் என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான விளக்கம் கிடையாது. 1996-ல் போட்டி பியோரியா நகரத்துக்குப் போனது. பிறகு சாம்பெயினுக்கே திரும்பி, 2022 முதல் மறுபடி இதே கூரையின் கீழ் நடக்கிறது.

கச்சேரிகளும் அப்படியே. நடுமேற்கின் சிற்றூர் இளைஞர் ஒருவர் பெரும்பாடகரைக் கேட்க வேண்டுமானால் சுமார் 135 மைல் தள்ளியிருக்கும் சிகாகோவுக்குப் போக வேண்டும். அரங்கம் வந்தபின் பாடகர்கள் சாம்பெயினுக்கு வந்தார்கள். எல்விஸ் பிரெஸ்லி 1976 அக்டோபர் 22 அன்று இங்கே பாடினார். பத்து மாதத்துக்குள் அவர் காலமானார். கல்லூரி ஊர் ஒன்றில் இத்தனை பெரிய கூரை இருந்ததால்தான் அந்த இரவு சாத்தியமானது.

மாணவர்களின் பங்கும் இங்கே முக்கியம். 'ஆரஞ்ச் கிரஷ்' என்னும் மாணவர் ரசிகர் குழு கூடைப்பந்து ஆட்டங்களில் ஆரவாரம் செய்வதோடு நிற்பதில்லை. அணி போடும் ஒவ்வொரு மூன்று புள்ளிக் கூடைக்கும் இவ்வளவு என்று உறுப்பினர்கள் உறுதித்தொகை திரட்டி அறக்கொடைக்குத் தருகிறார்கள். 2004–05 பருவத்தில் இல்லினாய் அணி 37 வெற்றி, 2 தோல்வி என்று தேசிய இறுதி ஆட்டம்வரை போனது. அந்த ஆண்டு சொந்த அரங்கத்தில் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அந்தக் கூரையின் கீழ் எழுந்த முழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பதை அங்கே ஆடிய எதிரணிகள் அறியும்.

பணம், பெயர், உரிமை

ஐம்பது ஆண்டுகளில் அரங்கம் தேய்ந்தது. குளிரூட்டும் வசதி தொடக்கத்திலிருந்தே இல்லை. கோடையில் பல்லாயிரம் பேரை உள்ளே அடைக்க முடியாது. வாசல், கழிப்பறை, உணவுக்கடை எல்லாம் பழைய அளவில் இருந்தன. 2014 முதல் 2016 வரை மூன்று கட்டமாகப் புதுப்பித்தார்கள். செலவு 16.95 கோடி டாலர், கட்டிய செலவைப்போல் இருபது மடங்கு. பண வீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் பெருந்தொகை. குளிரூட்டம் வந்தது. தனிப் பெட்டி அறைகளும் உயர்விலை இருக்கைகளும் வந்தன. ஆடுகளத்தைச் சுற்றி மாணவர்களுக்குக் கீழ்த்தள இடம் கிடைத்தது. மொத்த இருக்கை 16,618-லிருந்து 15,544-ஆகக் குறைந்தது. மூன்றரை அங்குல ஓட்டை யாரும் தொடவில்லை.

பணத்தின் பெரும்பங்கு ஒன்று, பக்கத்து ஊரான புளூமிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்தது. 2013-ல் ஆறு கோடி டாலர் தர ஒப்பந்தம் செய்து அது பெயருரிமை பெற்றது. மாணவர்களும் அதே காலத்தில் நடந்த வாக்கெடுப்பில் தங்கள் கட்டணத்தை உயர்த்திக்கொள்ளச் சம்மதித்தார்கள். நிறுவனத்தின் பெயர் முகப்பில் நிற்கிறது. மாணவர் பணத்துக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை. வணிகப் பெயரைக் கண்டதும் கோபப்படுவது எளிது. அந்தப் பணம் வராமல் இருந்தால் அரங்கத்தைக் காப்பாற்ற முடிந்திருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்க மாநில அரசுகள் உயர்கல்விக்குத் தரும் பங்கு சுருங்கிவரும் காலம் இது.

ஆனால் பெயரை விற்பதற்கும் எல்லை வேண்டும். சைரக்யூஸ் பல்கலைக்கழகம் தன் அரங்கத்துக்காகக் குளிர்சாதன நிறுவனமான கேரியரிடமிருந்து 1979-ல் 27.5 லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு, அரங்கத்துக்கு நிரந்தரமாக அதன் பெயரைச் சூட்டியது. காலம் மாறி, பெயருரிமைகள் பல கோடிக்குப் போகும் நாளில் அந்தச் சொல் பல்கலைக்கழகத்தின் கையைக் கட்டியது. நீண்ட பிணக்குக்குப் பிறகு 2022-ல்தான் பெயர் மாறியது. அரங்கம் அடுத்த தலைமுறைக்கும் சொந்தம். ஒரு தலைமுறையின் நிர்வாகம் அதன் பெயரை என்றென்றைக்கும் எழுதிக்கொடுக்க உரிமை பெற்றதன்று.

பெயரைவிடப் பெரிய கேள்வி இருக்கையைப் பற்றியது. தனிப் பெட்டி அறை ஒன்று பல சாதாரண இருக்கைகளின் இடத்தைப் பிடிக்கிறது, அதற்கேற்ற வருவாயையும் தருகிறது. அந்த வருவாயில் மாணவர் இருக்கையின் விலை தாழ்ந்து நின்றால் அது நல்ல ஏற்பாடு. அந்த வருவாயே நோக்கமாகி, மாணவர் மேலே மேலே தள்ளப்பட்டால் அரங்கம் தன் பிறப்பின் காரணத்தை இழக்கும். சாம்பெயினில் புதுப்பித்தபோது மாணவர்களை ஆடுகளத்தின் ஓரத்துக்கே கொண்டுவந்தது சரியான முடிவு. அதற்காகவே அந்தத் திட்டத்தை நான் மதிக்கிறேன். பல அமெரிக்க அரங்கங்களில் அந்த இடத்தைக் கொடையாளிகளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள்.

அளக்க வேண்டிய கோல்

பல்கலைக்கழகம் பெரிய அரங்கம் ஒன்றைக் கட்ட நினைக்கும்போது எத்தனை இருக்கை, எத்தனை கோடி, ஆண்டுக்கு எத்தனை நிகழ்ச்சி என்று கணக்குப் போடுகிறார்கள். இவை தேவையான கணக்குகள்தான். ஆனால் அசெம்பிளி ஹாலின் வரலாறு இவற்றுக்கு முன்னால் விடை காண வேண்டிய மூன்றைக் காட்டுகிறது. எந்த நிகழ்ச்சிகளுக்குத் தனிக்கூடம் வேண்டும் என்று முதலில் பிரித்தார்களா? பிரித்தபின் மிஞ்சும் பெருங்கூட்டத் தேவைக்கு மட்டும்தான் பலபயன் அரங்கம் ஈடுகொடுக்கும். கட்டணம் செலுத்தும் மாணவருக்கு ஆடுகளத்தருகே இடம் உண்டா? இல்லையென்றால் அவர் தன் பணத்தில் பிறருக்கு மாளிகை கட்டுகிறார். பல்கலைக்கழகத்தில் சேராத, சேர வாய்ப்பில்லாத ஊர் மக்களின் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அந்தத் தளத்தில் நிற்பார்களா?

மூன்றாவது கேள்வியையே நான் மிகவும் கனமானதாகக் கருதுகிறேன். ஆய்வகத்துக்கும் நூலகத்துக்கும் சேர்க்கை வேண்டும். விரிவுரை அறைக்கு மதிப்பெண் வேண்டும். பல்கலைக்கழகக் கட்டடங்களில் எந்தத் தகுதியும் கேட்காமல் எல்லாரையும் உள்ளே விடக்கூடியவை மிகச் சில. பெரிய அரங்கம் அவற்றில் தலையாயது. 988 கிலோமீட்டர் கம்பியை இறுக்கிச் சுற்றித் தூணில்லாத இடத்தை உண்டாக்கியவர்கள் தங்கள் வேலையைக் குறைவின்றிச் செய்துவிட்டார்கள். அந்த இடத்துக்குள் யாரை அனுமதிப்பது என்பதைப் பொறியாளர்கள் தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு ஆண்டும் கட்டணப் பட்டியலும் நிகழ்ச்சி நிரலும் தயாரிக்கும் பல்கலைக்கழகம்தான் தீர்மானிக்கிறது. அரங்கம் யாருடையது என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலும் நிரலுமே விடை.